கொடுத்தால்தான் மணி

எல்க் ஃபோர்டு, விஸ்கான்சின்
மார்ச் 28

அன்புள்ள தங்கை ஆர்லிசுக்கு,

இங்கே நலம். அங்கே அரிசோனா வெயிலில் நீயும் உன் பம்பளிமாஸ் மரமும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் முழங்கால் மட்டும் பனிக்காலம் இன்னும் முடியவில்லை என்கிறது. மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ கேட்பதற்கு முன்பே இதை எழுதிவிடுகிறேன். இப்போதெல்லாம் நீ கேட்பது இது ஒன்றைத்தான்.

போன் பண்ணாதே. போனில் சொன்னதை மறுநாளே சொல்லவில்லை என்று சொல்லிவிடலாம். காகிதத்தில் அது நடக்காது.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று ஷெட்டைத் திறந்து என் மோட்டார் சைக்கிளின் போர்வையை எடுத்தேன். பேட்டரி நன்றாக இருக்கிறது. டயரில் காற்று இருக்கிறது. எலி எதையும் கடிக்கவில்லை. ஆனால் மணி இல்லை.

எஞ்சினுக்குக் கீழே, தரைக்குப் பக்கத்தில், நீ உன் கையால் கட்டிவிட்ட அந்த மணிதான். மானில் மோதி நான் கால் உடைத்துக்கொண்ட வருடம் கொண்டுவந்து கொடுத்தாய். அப்போது நீ சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: "ரோட்டுல திரியிற குட்டிப் பிசாசெல்லாம் இதுக்குள்ள வந்து மாட்டிக்கும் அண்ணா. சத்தம் தாங்காம ரோட்டுலயே விழுந்துரும்." நான் சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு ஒரு மான்கூட என் குறுக்கே வந்ததில்லை. எந்தத் தொழிற்பள்ளியிலும் படிக்காமல் இந்த எண்ணூறு பவுண்டு வண்டியின் எஞ்சினை மூன்று முறை பிரித்துப் பூட்டியவன் நான். எனக்கு மூடநம்பிக்கை கிடையாது. ஆனால் மணி இல்லாமல் அந்த வண்டியை வாசலுக்குக்கூட எடுக்க மாட்டேன். இது உனக்குத் தெரியும்.

ஷெட்டுக்குள் வந்தது யார்? அக்டோபரில் போர்வை போட நீயும் மெக்கானிக் ரஸ்ஸும் வந்தீர்கள். அதற்குப் பிறகு பூட்டுத்தான். பூட்டு உடையவில்லை. ஒன்றும் புரியவில்லை. எடுத்தவன் எவனானாலும் அவன் கை முறியும். திருடிய மணி அப்படித்தான் செய்யும்.

நானே வாங்கிக் கட்டினால் அது வெறும் பித்தளை. இன்னொரு வண்டிக்காரர் கையால் கொடுத்தால்தான் மணி. முதலில் கொடுத்தவள் நீ. இன்னொன்று வாங்கி அனுப்பு. ஆகஸ்டில் நம் வண்டிக் குழுவின் பிளாக் ஹில்ஸ் மலைப் பயணம் இருக்கிறது. எப்போதும் போல நான்தான் முன்னால் போக வேண்டும்.

முழங்கால் தவிர எல்லாம் நலமான
அண்ணன் ஓர்வில்


மேசா, அரிசோனா
ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். இங்கே இப்போதே காலையிலேயே கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. பம்பளிமாஸ் இந்த வருடம் நிறையக் காய்த்து, தெரு முழுக்கக் கொடுத்தும் தீரவில்லை.

மணி காணாமல்போனது வருத்தம்தான். கிடைக்கும்போது கிடைக்கும். அதற்குள் ஏன் அவசரம்? உங்கள் ஊர் ரோட்டில் பனி உருகப் போட்ட உப்பே இன்னும் கழுவிப் போயிருக்காது.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. கண் டாக்டரிடம் போனாயா? கண் மட்டும் இல்லை, பொதுவாக ஒரு டாக்டரிடம். போன ஆகஸ்டுப் பயணத்தில் மிச்சல் ஊரைத் தாண்டி ஒரு பால் லாரிக்காரன் நீளமாக ஹாரன் அடித்தானே, அது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? சும்மாதான் கேட்கிறேன்.

பேரீச்சம்பழம் கொஞ்சம் அனுப்பியிருக்கிறேன். மலச்சிக்கலுக்கு நல்லது.

என்றும் உன்னை நினைத்துக்கொண்டிருக்கும்
ஆர்லிஸ்


எல்க் ஃபோர்டு
ஏப்ரல் 30

அன்புள்ள ஆர்லிசுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

பொட்டலம் வந்தது. தபால்காரர் கையிலிருந்து வாங்கியதுமே காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. பேரீச்சம்பழம். எனக்கு மலச்சிக்கல் என்று உனக்கு யார் சொன்னது?

பால் லாரிக்காரன் ஞாபகம் இருக்கிறான். குடித்திருந்தான். நம் பக்கம் ஏறி வந்துவிட்டு ஹாரன் வேறு அடித்தான். அதை ஏன் இப்போது கேட்கிறாய்?

நல்ல மழை பெய்து உப்பெல்லாம் போய்விட்டது. ஊரில் எல்லா வண்டியும் வெளியே வந்துவிட்டன. என்னுடையது மட்டும் ஷெட்டில் நிற்கிறது. காலையில் போய் அதன்மேல் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்கிறேன். அந்த இரட்டைச் சிலிண்டர் நெஞ்சுக்குள் அடிப்பது போல அடிக்கிறது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அணைத்துவிட்டு வந்து காபி போடுகிறேன்.

ரஸ்ஸின் கடைக்குப் போய், "ஒரு மணி கொடுடா" என்றேன். இல்லை என்றான். கல்லாவுக்குப் பக்கத்திலேயே ஒரு தட்டு நிறைய இருக்கிறது. "அது என்னடா, மிட்டாயா?" என்று கேட்டேன். "அதெல்லாம் ஆர்டர் அண்ணே" என்றான். எவன் தட்டுக் கணக்கில் மணி ஆர்டர் செய்வான்? இருபது வருடம் என் பின்னால் வண்டி ஓட்டியவன், என் முகத்தைப் பார்க்காமல் துடைத்த ஸ்பானரையே துடைத்துக்கொண்டிருந்தான்.

இன்னொன்றும் சொன்னான். இந்த வருடம் நான் வரிசையின் கடைசியில் வர வேண்டுமாம். "பின்னாடி அனுபவசாலி ஒருத்தர் இருந்தாத்தான் அண்ணே விழுந்தவங்களப் பார்க்க முடியும்." இத்தனை வருடமாக முன்னால் போனவனை வாலில் கட்டுகிறான். நான் என்ன செய்தேன்? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் பிடிபடவில்லை. நான் யாரிடமாவது தப்பாகப் பேசினேனா? பேசியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்குமே. நான் தப்பாகப் பேசினால் வேண்டுமென்றுதான் பேசுவேன்.

மணியை அனுப்பு.

உன் அண்ணன்
ஓர்வில்


எல்க் ஃபோர்டு
மே 9

ஆர்லிஸ் அக்காவுக்கு,

ரஸ் எழுதுவது. நீங்கள் நலம்தானே? என் கையெழுத்தை மன்னிக்கவும். ஆர்டர் புத்தகம் தவிர நான் எதிலும் எழுதுவதில்லை.

அண்ணன் தினமும் கடைக்கு வருகிறார். நாற்காலியை இழுத்து அந்தத் தட்டுக்கு எதிரில் போட்டுக்கொண்டு உட்காருகிறார். நான் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் போய்விடுகிறேன். நம் குழுவில் எல்லோரிடமும் சொல்லிவைத்துவிட்டேன், யாரும் அவருக்கு மணி கொடுக்கக் கூடாது என்று. எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனால் அவர் எதிரில் வந்தால் எல்லோரும் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள். அவருக்கு அது தெரிகிறது. காரணம்தான் தெரியவில்லை.

மணி உங்களிடம் பத்திரமாக இருக்கிறதா? அக்டோபரில் நீங்கள் அதைக் கழற்றும்போது நான் டார்ச் பிடித்தேன். அதனால் எனக்கும் பங்கு உண்டு. அன்றைக்கு இது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. சண்டை இல்லாமல், அவர் மனம் நோகாமல், வண்டி தானாக நின்றுவிடும் என்று நினைத்தோம். இப்போது நாம் செய்தது சரிதானா என்று தெரியவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாமா? நான் சொன்னால் அடிப்பார். நீங்கள் சொன்னால் திட்டுவதோடு விடுவார்.

அன்புடன்
ரஸ்


மேசா
ஜூன் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

இது என் கையெழுத்து இல்லை என்று பார்த்ததுமே தெரிந்திருக்கும். நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு மரிசெலா எழுதுகிறாள். பயப்படாதே. குளியலறையில் சோப்பை மிதித்து விழுந்துவிட்டேன். வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். அதனால்தான் பதில் எழுதத் தாமதம்.

எப்படி விழுந்தாய் என்று விவரம் கேட்காதே. விழுந்தேன், அவ்வளவுதான்.

நீ நன்றாகச் சாப்பிடு. டாக்டரைப் பற்றி நான் கேட்டதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை.

ஆர்லிஸ்
(இந்தக் கிறுக்கல் மட்டும் என் இடது கை)


எல்க் ஃபோர்டு
ஜூன் 15

அன்புள்ள ஆர்லிசுக்கு,

கை எப்படி இருக்கிறது? மாவுக்கட்டுக்குள் அரித்தால் பென்சில் விட்டுச் சொறியாதே. நான் கால் உடைத்தபோது அப்படிச் செய்து புண்ணாகிவிட்டது. மரிசெலாவுக்கு என் நன்றியைச் சொல். பெண் நல்ல எழுத்து எழுதுகிறாள், உன்னைவிட.

என் வண்டியின் மணியை எடுத்தவன் கை முறிய வேண்டியது, உன் கை முறிந்துவிட்டது. இந்த உலகத்தில் எதுவுமே சரியான ஆளுக்குப் போய்ச் சேருவதில்லை.

வெள்ளிக்கிழமை கிளப்பில் மீன் வறுவலுக்குப் போனேன். நம் குழு மொத்தமும் ஒரே மேசையில் இருந்தது. நான் உட்கார்ந்ததும் பேச்சு வானிலைக்கு மாறியது. "யாராவது எனக்கு ஒரு மணி குடுங்கப்பா, நான் என்ன வண்டியையா கேட்கிறேன்" என்றேன். எல்லோரும் முட்டைக்கோஸ் பச்சடியைப் பார்த்தார்கள். வாழ்நாளில் யாரும் அதை அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்க மாட்டார்கள். கடைசியில் ரஸ்ஸின் மனைவிதான், "உருளைக்கிழங்கு இன்னும் கொஞ்சம் போடட்டுமா அண்ணே?" என்று கேட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. ஏன்? நான் கேட்டது பித்தளை மணி.

நீயும் அவர்களும் பேசிவைத்துக்கொண்டது போலப் பதில் சொல்கிறீர்கள். எனக்கு வரவர ஒன்றும் புரியவில்லை.

கையைத் தூக்கிக் கட்டி வைத்துக்கொள்.

அண்ணன்


எல்க் ஃபோர்டு
ஜூலை 11

அன்புள்ள ஆர்லிசுக்கு,

நலம். ரொம்ப நலம். உன் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன்.

மணி கிடைத்துவிட்டது.

பெட்ரோல் பங்கில் என் பழைய டிரக்குக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தேன். நெப்ராஸ்காக்காரன் ஒருவன் பெரிய குரூசர் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றான். தாடி வயிற்றைத் தொட்டது. பேசிக்கொண்டிருந்தோம். என் கதையைச் சொன்னேன். "இவ்வளவுதானா பெரியவரே" என்று தன் பையிலிருந்து ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டான். பெயர்கூடச் சொல்லவில்லை. என்னை இத்தனை வருடம் தெரிந்தவர்களால் முடியாததை, ஒரு காபி நேரத்துக்கு மட்டும் தெரிந்தவன் செய்தான். இதை நீ ரஸ்ஸுக்குச் சொல்லலாம்.

அன்று மாலையே வெளியே எடுத்தேன். ஏரியைச் சுற்றிப் போனேன். எதிரே வந்த வண்டிக்காரர்கள் எல்லோரும் நம் வழக்கப்படி இடது கையைத் தாழ்த்தி இரண்டு விரல் காட்டி வணக்கம் சொன்னார்கள். நானும் காட்டினேன். ஹேண்டில்பார் கைக்குள் வந்து உட்கார்ந்ததுமே முழங்கால் வலி எங்கே போனது என்று தெரியவில்லை. எனக்கு எழுபத்தைந்து வயது என்று அந்த வண்டிக்குத் தெரியாது ஆர்லிஸ். அதற்கு மட்டும்தான் தெரியாது.

ஆகஸ்டில் நான் முன்னால்தான் போவேன். வாலில் வருவதற்கு வேறு ஆள் பார்க்கட்டும்.

சந்தோஷத்துடன்
ஓர்வில்


எல்க் ஃபோர்டு
ஜூலை 23

ஆர்லிஸ்,

நலம். அடி ஒன்றும் இல்லை. முதலில் அதைத் தெரிந்துகொள்.

நேற்று மதியம் புனித வெண்டெல் கோயில் வளைவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். கோயில் வாசலில் யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை எனக்கு நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது சோளக்காடு. என்னைச் சுற்றிச் சோளம், ஹேண்டில்பார் உயரத்துக்கு. எஞ்சின் நின்றிருந்தது. வண்டி சோளத்தட்டில் சாய்ந்து நின்றது, நான் அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். நடுவில் ஒன்றும் இல்லை. தூக்கம் இல்லை, தூக்கம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது வேறு.

மாவட்ட ரோட்டு வேலைக்காரர்கள் வளைவில் சரளையை அள்ளாமல் விட்டிருக்கிறார்கள். அதில்தான் வழுக்கியிருக்கும். புகார் எழுதப் போகிறேன்.

ஆனால் ஒரு குழப்பம். நாம் ரோட்டில் வலப்பக்கம் போகிறோம். நான் இருந்தது இடப்பக்கச் சோளத்தில். நடுவே எதிரில் வருகிறவர்களின் பாதை முழுவதும் இருக்கிறது. அதை நான் எப்போது கடந்தேன்?

ரோட்டோரத்தில் ஒரு வேன் நின்றிருந்தது. அதிலிருந்து ஒரு பெண் இறங்கி ஓடி வந்தாள். உள்ளே குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன. "உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே பெரியவரே?" என்று கேட்டாள். என் தோளைத் தொட்ட அவள் கை உதறியது. சோளத்துக்குள் போனவன் நான், உதறியது அவள். அதுவும் புரியவில்லை.

நெப்ராஸ்காக்காரன் கொடுத்த மணி சோளத்தில் எங்கோ அறுந்து விழுந்துவிட்டது. தேடினேன், கிடைக்கவில்லை.

ரஸ்ஸிடம் சொல்லாதே. உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன். நீ யோசித்துப் பார்த்து எழுது. எனக்கு யோசிக்க முடியவில்லை.

ஓர்வில்


மேசா
ஜூலை 30

அன்புள்ள அண்ணா,

இடது கையால் எழுதுகிறேன். மரிசெலாவிடம் சொல்லி எழுத முடியாத கடிதம் இது. கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

பொட்டலத்தை நீ இந்நேரம் ஆட்டிப் பார்த்திருப்பாய். ஆமாம், அதுதான். உன் மணி. அக்டோபரில் நான்தான் கழற்றினேன்.

பால் லாரிக்காரன் குடிக்கவில்லை அண்ணா. அன்றைக்கு நான் உனக்கு அடுத்த வண்டியில் இருந்தேன். உன் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். உன் வண்டி மெதுவாக, யாரோ கூப்பிட்ட மாதிரி, மஞ்சள் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போனது. நீ திரும்பவில்லை, தடுமாறவில்லை. நேராக அந்த லாரியைப் பார்த்துப் போனாய். அவன் தன் வண்டியைப் புல்லில் இறக்கினான். ஹாரன் சத்தத்தில் நீ எதுவுமே நடக்காதது போல உன் பக்கம் வந்தாய். அடுத்த நிறுத்தத்தில் ஆப்பிள் பை கேட்டுச் சாப்பிட்டாய். நாங்கள் யாரும் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு ஊர் வரும்வரை ரஸ் ஏதாவது சாக்குச் சொல்லி உனக்கு முன்னால் போனான்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீ இன்னும் வேகமாக ஓட்டிக் காட்டுவாய் என்று எல்லோருக்கும் பயம். மணி இல்லாவிட்டால் எடுக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதனால் எடுத்தேன். கொடுத்தவள் திரும்ப எடுத்தால் அது திருட்டா என்று எனக்குத் தெரியாது. குளியலறையில் விழுந்தது சோப்பினால்தான். ஆனாலும் விழும்போது உன் முதல் கடிதத்தில் இருந்த அந்த வரிதான் நினைவுக்கு வந்தது.

அந்தப் பெண்ணின் கை ஏன் உதறியது என்று கேட்டாயே. நீ அவள் முன்னால் குறுக்கே போயிருக்கிறாய் அண்ணா.

இனி மணியை ஒளித்து வைத்து உன்னை நிறுத்த மாட்டேன். வாய்விட்டுக் கேட்கிறேன், ஓட்டாதே. அவ்வளவுதான் என்னால் முடியும்.

ஆர்லிஸ்


மேசா
ஆகஸ்ட் 29

அண்ணா,

நலமா? ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

ஆர்லிஸ்


எல்க் ஃபோர்டு
அக்டோபர் 5

அன்புள்ள தங்கை ஆர்லிசுக்கு,

நலம். உன் மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்களாமே, ரஸ் சொன்னான். ரப்பர் பந்தை வைத்து அழுத்திப் பழகு. தினமும் செய்ய வேண்டும். காரணம் பின்னால் சொல்கிறேன்.

முதலில் திட்டிவிடுகிறேன். என் முகத்துக்கு நேரே சொல்லாமல் என்னை வசந்தகாலம் முழுவதும் ஒரு பித்தளை மணிக்காகப் பிச்சைக்காரனைப் போல அலையவிட்டீர்கள். நீ, ரஸ், அந்த முட்டைக்கோஸ் பார்த்தவர்கள் எல்லோரும். இதை நான் மன்னிக்கவில்லை. மன்னிப்பேன் என்று எதிர்பார்க்காதே.

டாக்டரிடம் போனேன். தலையில் ஒயர்களை ஒட்டிப் படம் எடுத்தார்கள். அவர் நீளமாக ஒரு பெயர் சொன்னார். நான் கேட்டேன், "எங்கயோ லூஸ் கனெக்‌ஷன், அதானே?" அவர் சிரித்து, அப்படியும் சொல்லலாம் என்றார். இந்த மாவட்டத்தில் பாதி மாட்டுக்கொட்டகைக்கு ஒயர் இழுத்தவனிடம் நேராகச் சொன்னால் என்ன? மாத்திரை கொடுத்திருக்கிறார், ஓட்டக் கூடாது என்கிறார். அவர் சொன்னதற்காக நான் நிறுத்தவில்லை. நீ கேட்டதற்காகவும் இல்லை. அந்த வேன்காரியின் கை என் தோளில் இன்னும் உதறிக்கொண்டே இருக்கிறது.

ஆகஸ்டில் குழு புறப்பட்டபோது பெட்ரோல் பங்கில் நின்று பார்த்தேன். வரக் கூடாது என்றுதான் இருந்தேன், கால் போய்விட்டது. வரிசை வந்தது. முன்னால் இடப்பக்கம், என் இடம், காலியாக இருந்தது. ரஸ் அதற்கு அடுத்து வந்தான். அந்த இடத்தை யாருக்காகக் காலியாக விடுவோம் என்று உனக்குத் தெரியும். இறந்தவனுக்கு. போன வருடம் நம் குழுவின் வில்பர் இறந்தபோது விட்டோமே, அதே மாதிரி.

எனக்கு வந்த கோபத்தில் நடுரோட்டில் இறங்கிக் கை காட்டி மொத்த வரிசையையும் நிறுத்தினேன். "டேய் ரஸ், நான் செத்துட்டேனாடா?" என்றேன்.

அவன் கண்ணாடியைக் கழற்றினான். "மரியாதைக்குத்தான் அண்ணே..."

"உசிரோட இருக்கிறவன் இடத்துல உசிருள்ள ஆள உக்கார வை. இல்ல நீ போ."

"உங்க இடத்துல நான் எப்படிண்ணே போறது?"

"போடா. ஆக்சிலேட்டரத் திருகு."

போனான். வரிசை முழுவதும் என்னைக் கடந்து போகிறவரை நின்றேன். கடைசியாகப் போனவள் ரஸ்ஸின் மனைவி. இரண்டு விரலைத் தாழ்த்திக் காட்டிவிட்டுப் போனாள்.

அதிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் பதில் தாமதம், கோபத்தால் பாதி, யோசனையால் பாதி. இப்போது முடிவு செய்துவிட்டேன். இதில் மாற்றம் இல்லை.

வண்டியை விற்க மாட்டேன். மே மாதம் நீ வருகிறாய். அதற்குள் உன் கை தேறிவிடும். அந்த வண்டியை நீ ஓட்டுகிறாய். உன்னால் முடியும், உன் கணவரின் வண்டி இதைவிடக் கனம், அதையே ஓட்டியவள் நீ. நான் பின்னால் உட்காருகிறேன். ஆமாம், சரியாகத்தான் படிக்கிறாய். வாழ்நாளில் நான் உட்காராத இடம் அது. உட்கார்ந்து பார்த்தேன், ஷெட்டில். கால் வைக்கும் இடம் எனக்கு ஒத்துவரவில்லை, மாற்றிவிட்டேன். ஆகஸ்டில் முன்வரிசை இடப்பக்கம் நாம் போகிறோம். ரஸ்ஸிடம் சொல்லிவிட்டேன், சரி என்றான். வளைவுகளில் என் பேச்சைக் கேட்க வேண்டும். பிரேக்கைத் தேவையில்லாமல் தொட்டால் இறங்கி நடந்து வீட்டுக்குப் போய்விடுவேன்.

இத்துடன் ஒரு பொட்டலம் வருகிறது. நீ திருப்பி அனுப்பிய மணிதான். மணி ஹேண்டில்பாரைப் பிடிக்கிறவருக்குத்தான், பின்னால் உட்காருகிறவனுக்கு இல்லை. நீ வாங்கவில்லை, நான் கொடுக்கிறேன், அதனால் அது வேலை செய்யும்.

உள்ளே பேரீச்சம்பழமோ என்று நினைத்துவிடாதே. பிரிப்பதற்கு முன்னால் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்.

உன் அண்ணன்
ஓர்வில்